கார் ஸ்பீக்கரில் மக்கத்துப் பாங்கு

"உசுரோட ஏத்துதேன், உசுரோட எறக்கணும். அம்புட்டுதான்மா நம்ம பேச்சு."

டிரைவர் செல்லச்சாமி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வாசலில் அம்பாசிடரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மைமூனம்மாளின் முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த இளநீர்க் கடையைப் பார்த்துச் சொன்னார்.

"விடிஞ்சா இதே வண்டில பொண்ணு மாப்பிள்ளை ஏறணும். போன வருசம் சிவகிரி ஆளு ஒருத்தரை இப்படித்தான் கூட்டிட்டு வந்தேன். வழியிலேயே ஆயிப்போச்சு. ஸ்டாண்டுல ஒருத்தன் அதை எல்லார்ட்டயும் சொல்லிட்டான். அதுக்கப்புறம் ரொம்ப நாளா கல்யாணச் சவாரின்னு யாரும் என்னையக் கூப்பிடல. ஓனர் அந்த வண்டியையே வித்துத் தள்ளிட்டாரு. இன்னொரு தடவை அப்படி ஆனா என் கையில சாவி இருக்காது, அம்மா."

மைமூனம்மாள் தலையை அசைத்தாள். காலையில் பெரிய டாக்டர் சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை. "இனிமே இங்க வச்சிருந்து பிரயோஜனம் இல்லை. வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. சீக்கிரம் போங்க." அந்தச் 'சீக்கிரம்' அவள் நெஞ்சில் மீன் முள்ளாக நின்றது.

கணவர் மம்மது பாயின் தலை அவள் மடியில் இருந்தது. காலை மடக்கிச் சீட்டின் மறுகோடியில் வைத்து, மேலே போர்வையைப் போட்டிருந்தாள். முன்சீட்டில் மகன் பாதுஷா. வீட்டில் மகள் கதீஜா, பிள்ளை பெற்ற உடம்போடு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். "வாப்பாவை உசுரோட ஒரு தடவ எனக்குக் காட்டிருங்க உம்மா" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இந்தக் குடும்பத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், வாப்பாவும் மகனும் ஒரே வண்டியில் உட்காருவது எத்தனை வருடங்களுக்குப் பிறகு என்று. சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கொட்டகையே கதியென்று இருந்தவர் மம்மது பாய். பக்கத்துத் தறியில் நின்ற பாதுஷா ஒரு நாள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏஜெண்டோடு பம்பாய்க்கு ரயிலேறி, அங்கிருந்து சவூதிக்கு, தம்மாம் போய்விட்டான். அன்றிலிருந்து மகனின் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. அவன் அனுப்பிய டேப்ரிக்கார்டரைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். முந்தாநாள் லீவு கேட்டு ஓடிவந்தவனைக் கட்டிலில் இருந்தபடி ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம்தான் அது நடந்தது.

பாதுஷா தன் பையிலிருந்து ஒரு வாக்மேனை எடுத்தான். பஞ்சு வைத்த ஹெட்போனை வாப்பாவின் காதில் மாட்டினான். உம்ரா யாத்திரைக்கு மக்கா போயிருந்தபோது அவனே பிடித்து வந்த கேசட். அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு, அதற்குப் பிறகு ஜனங்கள் நடந்துபோகும் சத்தம். ஒரு தடவையாவது அந்த மண்ணை மிதிக்க வேண்டும் என்று மம்மது பாய் ஏங்காத வருடமில்லை. மிதிக்க முடியாது என்று ஆனபின் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் கையைத் தூக்கிக் காதைத் தொட்டு, விரல்களை விரித்து அசைத்தார்.

கேட்கவில்லை.

தறிச் சத்தத்தில் மழுங்கிப்போன காது. பக்கத்தில் நின்று கத்தினாலே பாதிதான் விழும். பஞ்சு ஹெட்போன் எம்மாத்திரம்?

ஆனால் அது மகனுக்கு அவர் சொன்ன பதில். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஒரே பதில். பாதுஷா அதைப் பிடித்துக்கொண்டான். "சத்தந்தான் பத்தலை உம்மா. சத்தம் கூட இருந்தா வாப்பா கேப்பாங்க." இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

வண்டி ராமையன்பட்டியைத் தாண்டியது. மைமூனம்மாள் கணவரின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவர் மூச்சு ஒன்று வந்து, நின்று, யோசித்து, மறுபடி வந்தது.

"அண்ணாச்சி, பின்னால ரெண்டு ஸ்பீக்கர் இருக்கே. ஓடுதா?" என்றான் பாதுஷா.

"ஓடாம? கல்யாண வண்டில்லா இது. ரேடியோவைத் திருப்பினா ரோட்டுல போறவன் திரும்பிப் பாப்பான். டேப்பு ஒண்ணுதான் இல்ல. ஓனருக்கு மனசு வரமாட்டேங்கு."

பாதுஷா குனிந்து ரேடியோவுக்கு அடியில் கையை விட்டான். தம்மாமில் அவனுக்கு அதுதான் தொழில். கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் கடை.

"அங்கன இதுக்குன்னே ஒரு பொய்க் கேசட் உண்டு அண்ணாச்சி. உள்ள நாடா இருக்காது. வால் மாதிரி ஒரு வயரு தொங்கும். கேசட்டைக் கார் டேப்புக்குள்ள தள்ளிட்டு, வயரை வாக்மேன்ல சொருகினாப் போதும். ஜோலி முடிஞ்சுது."

"டேப்பே இல்லாத வண்டில அதை எங்கன தள்ள?"

"அதான் யோசிக்கேன்."

பிறகு பாதுஷா தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்: "எத்தனை அரபிக்கு மாட்டிக் குடுத்திருப்பேன். ஒருத்தன் ஒட்டகம் கேக்கட்டும்னு ஸ்பீக்கர் கேட்டான்."

செல்லச்சாமி சிரித்தார். மைமூனம்மாளுக்கும் உதடு அசைந்தது. அந்த ஒரு நொடிக்குப் பிறகு பாரம் முன்னைவிட அதிகமாக வந்து உட்கார்ந்தது.

அவன் ஹெட்போன் வயரை வெட்டினான். முனையைப் பல்லால் உரித்தான். ரேடியோவிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களைப் பிரித்து, அதோடு முறுக்கினான். வாக்மேன் பட்டனை அமுக்கினான்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொசு ஒன்று போர்வைக்குள் மாட்டிக்கொண்டதுபோல.

"இதுவா தம்பி மக்கத்துப் பாங்கு?" என்றார் செல்லச்சாமி.

"இதுக்குத் தெம்பு காதுக்குள்ள பாடத்தான் அண்ணாச்சி. ஸ்பீக்கரைத் தள்ளுத பலம் கிடையாது. ரேடியோவுக்குள்ள விட்டு, ரேடியோ பலத்துல தள்ளணும்."

"மக்கா" என்று மகனைக் கூப்பிட்டாள் மைமூனம்மாள்.

"என்ன உம்மா?"

"அதைப் போட்டுட்டு இங்கன வா. வாப்பா காலைப் பிடிச்சுக்கோ. சில்லுன்னு இருக்கு."

"இந்தா வாரேன் உம்மா."

அவன் வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பிடரியைப் பார்த்தபடி அவள் இருந்தாள். அவனுக்குப் பயம். காலைத் தொட்டால் தெரிந்துவிடும் என்று பயம். வயர் இருக்கும்வரை கைக்கு வேலை இருக்கிறது. அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னொரு தடவை கூப்பிடவும் முடியவில்லை.

அவள் கணவரின் உள்ளங்கையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். தண்ணீர் வேண்டுமா?

கல்யாணமான புதிதில் அவளும் கொட்டகையில் தறிக்கு நூல் தார் சுற்றியவள்தான். அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தபின்னும் இவர்கள் இரண்டு பேருக்கும் அதுவே பேச்சாகிப்போனது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் உள்ளங்கையில் தட்டுவது. ஒரு அழுத்தம் என்றால் ஆமாம். விரலை விலக்கினால் வேண்டாம்.

அவர் விரல் மெதுவாக விலகியது.

தேவர்குளத்தில் ரோட்டோரம் ஒரு வேப்பமரம், அதற்கு எதிரே டீக்கடை, பக்கத்தில் 'ரேடியோ ரிப்பேர்' என்று பெயிண்டில் எழுதிய ஒரு பலகை. பாதுஷா அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணாச்சி, ஓரங்கட்டுங்க. ஒரே ஒரு ஈயப் பத்தவைப்பு. அஞ்சு நிமிசம்."

செல்லச்சாமி கண்ணாடியில் மைமூனம்மாளைப் பார்த்தார். "என்னம்மா?"

பாதுஷாவும் திரும்பினான். அவன் முகத்தை அப்போதுதான் அவள் நேராகப் பார்த்தாள். தாடி இரண்டு நாள் வளர்ந்து, கண் சிவந்து, சின்ன வயதில் பள்ளிவாசல் மதரசாவில் அடிவாங்கிவிட்டு வருவானே, அந்த முகம்.

"உம்மா. வீட்டுல போயி எதுல போட? நான் அனுப்பினதைத்தான் தூக்கிக் குடுத்துட்டாங்கள்ல. வாப்பா ஒரு தடவ கேட்டுட்டாங்கன்னாப் போதும். அப்புறம் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கதீஜா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'சீக்கிரம்' என்றாரே டாக்டர். எல்லாம் தெரிந்தும் மைமூனம்மாள் தலையை அசைத்தாள்.

ரேடியோக்காரன் வெள்ளத்துரை வாயில் வெற்றிலையோடு வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். நாலைந்து தடவை 'ம்' போட்டான்.

"வால்யூம் திருகுதோம்லா, அதோட காலுல குடுக்கணும் பாய். குடுத்தா யானை மாதிரி பிளிறும்."

"அது எனக்கும் தெரியும். பத்தவைப்புக் கட்டை இருக்கா?"

"இருக்கு. கரண்டுதான் இல்ல. காலைல போச்சு."

"டேப்ரிக்கார்டர் ஏதாவது? பேட்டரில ஓடுதது?"

"எல்லாம் பிரிச்சுப் போட்டது. வேணும்னா ஒரு கூடையில அள்ளித் தாரேன்."

கடைசியில் பற்றவைக்கும் கட்டையை டீக்கடை அடுப்புத் தணலில் செருகினார்கள். சூடாகிற மட்டும் காத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடி வருவதற்குள் ஆறிவிட்டது. மறுபடி செருகினார்கள். பாதுஷா ரேடியோவைக் கழற்றிக் கையோடு டீக்கடைக்கே கொண்டுபோய்விட்டான். அடுப்போரம் குந்தி, ஈயத்தை வைத்து ஊதிக்கொண்டிருந்தான். டீ குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். செல்லச்சாமி பானட்டில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்.

வண்டிக்குள் வெயில் ஏறியது.

மைமூனம்மாள் சேலைத் தலைப்பால் கணவரின் முகத்துக்கு நிழல் பிடித்தாள். மூச்சு ஒன்று வந்தது. அவள் அடுத்ததற்குக் காத்திருந்தாள். அது வர நேரமாயிற்று. வந்தபோது தொண்டையில் ஏதோ உருளும் சத்தத்தோடு வந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மகனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், செல்லச்சாமியின் முதுகு. கூப்பிட்டால் அவர் திரும்புவார். திரும்பினால் கதவைத் திறப்பார். இந்த ரோட்டில், இந்த வேப்பமரத்தடியில், டீக்கடை ஜனம் கூடி நிற்க, மம்மது பாயை இறக்கிப் போட வேண்டும்.

வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது, உயிர் பிரிகிறவர் காதில் ஓதும் கலிமாவைச் சொல்ல வேண்டும். காது கேளாத மனிதருக்குச் சத்தமில்லாமல் எப்படிச் சொல்வது? அவள் குனிந்தாள். தன் முகத்தை அவர் முகத்துக்கு நேராக வைத்தாள். பாதி திறந்திருந்த அந்தக் கண்களுக்கு முன்னால், கொட்டகையில் பேசுவதுபோல, உதட்டை மட்டும் அசைத்து, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு தடவை சொல்லி முடித்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் கண் அவள் உதட்டில்தான் இருந்தது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது தடவை பாதியில் அவள் அவர் உள்ளங்கையில் தட்டினாள். விரல் அழுத்தவில்லை. விலகவும் இல்லை.

அவள் சொல்லி முடித்தாள்.

அவர் கண்களை மூடிவிட்டாள். தாடை தொங்காமல் இருக்கத் துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டினாள், வெயிலுக்கும் தூசிக்கும் கட்டுவதுபோல.

"அம்மா, டீ."

செல்லச்சாமி கண்ணாடி கிளாஸை ஜன்னல் வழியாக நீட்டினார். "பாய்க்குப் பாலு ரெண்டு சொட்டு வாங்கிட்டு வரட்டா?"

"வேண்டாம். தூங்குதாங்க."

"தூங்கட்டும், தூங்கட்டும். நீங்க குடிங்க. காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீங்க. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார், கிளாஸைத் திருப்பி வாங்குவதற்காக. மைமூனம்மாள் டீயைக் குடித்தாள். சுட்டது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கிளாஸைக் கொடுத்தாள். உள்ளே போனது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பாதுஷா ரேடியோவைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். விரல் நுனி ஒன்று வெந்து வெளுத்திருந்தது. அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மாட்டினான்.

"ஆயிட்டு உம்மா! வண்டியை எடுங்க அண்ணாச்சி."

வண்டி ஊரைத் தாண்டியதும் வாக்மேனை மடியில் வைத்துப் பட்டனை அமுக்கினான். ரேடியோவின் குமிழைத் திருகினான். முதலில் எஞ்சினோடு சேர்ந்து ஒரு உறுமல். பிறகு உறுமலுக்கு மேலே எழுந்து, வண்டி முழுக்க நிரம்பி, பாங்கு வந்தது.

நீண்ட குரல். தூரத்திலிருந்து வந்து, சுவரில் பட்டு, தன்னோடு தானே சேர்ந்துகொள்கிற குரல். மம்மது பாயின் தலைக்குப் பின்னாலேயே இருந்தது ஸ்பீக்கர். சீட்டு அதிர்ந்தது. மடியில் இருந்த தலை அதிர்ந்தது. மைமூனம்மாளின் தொடை வழியாக அந்த அதிர்வு ஏறியது.

"ஏயப்பா!" என்றார் செல்லச்சாமி. "என்ன குரலு தம்பி! எனக்கே உடம்பு சிலிர்க்கு."

பாதுஷா முன்சீட்டில் முழங்காலிட்டுத் திரும்பினான். கண்ணில் நீர் நின்றது.

"உம்மா, வாப்பாட்ட கேளுங்க. கேக்குதான்னு கேளுங்க."

மைமூனம்மாள் மகனைப் பார்த்தாள்.

"கையில கேளுங்க உம்மா. முழிச்சுத்தான இருக்காங்க?"

அவள் போர்வைக்குள் கையை விட்டாள். அந்த உள்ளங்கையைக் கண்டுபிடித்தாள். அதில் விரலால் தட்டினாள். தட்டிவிட்டுக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே, உண்மையாகவே, பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கேக்குதாம் மக்கா."

"நெசமாவா?"

"விரலை அமுக்கிட்டாங்க."

பாதுஷா சீட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. "என்ட்ட கோவம் இல்லியான்னு கேளுங்க உம்மா" என்றான் முகத்தைத் தூக்காமலே.

"இல்லையாம்" என்றாள். இந்தத் தடவை அவள் தட்டவில்லை.

ரோடு வளைந்தது. வண்டி சாய்ந்தபோது போர்வைக்குள்ளிருந்து மம்மது பாயின் ஒரு கை நழுவிச் சீட்டுக்குக் கீழே விழுந்து ஆடியது. மைமூனம்மாள் அதை எடுத்து மறுபடி மார்பின்மேல் வைத்தாள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் செல்லச்சாமியின் கண்கள் இருந்தன.

அவர் கொஞ்ச தூரம் அதே வேகத்தில் ஓட்டினார். இரண்டு பக்கமும் கரிசல் காடு, ஒரு பனைகூட இல்லாத வெளி. பிறகு வேகம் குறைந்தது. வண்டி மெதுவாக மண்ணில் இறங்கி நின்றது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். உறுமல் நின்றதும் பாங்கு இன்னும் துலக்கமாகக் கேட்டது.

"தம்பி, பின்னால டயருல காத்து எறங்குத மாதிரி இருக்கு. ஒரு எட்டு எறங்கிப் பாரு."

பாதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

செல்லச்சாமி திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே கேட்டார்.

"எங்கன வச்சும்மா?"

இவரிடம் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. இருந்ததை எல்லாம் மகனிடம் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

"நீங்க டீ கொண்டு வந்தீங்கள்ல."

"ஆமா."

"அதுக்குக் கொஞ்சம் முன்னால."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி இருந்தார். பாங்கு முடிந்து, ஸ்பீக்கரில் இப்போது வெறும் காலடிச் சத்தம். ஆயிரம் பேர் செருப்பில்லாமல் பளிங்குத் தரையில் நடந்துபோகும் சத்தம்.

"குடிக்க வச்சுட்டேனே" என்றார்.

"என் மகளுக்கு முகத்தைக் காட்டணும்" என்றாள் மைமூனம்மாள். "அவனுக்கு இன்னும் தெரியாது."

கதவு திறந்தது. பாதுஷா கையைத் தட்டிக்கொண்டே ஏறினான். முகத்தில் அவள் வருடக்கணக்காகப் பார்க்காத ஒரு தெளிவு.

"டயரெல்லாம் கல்லு மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி. என்னத்தைப் பாத்தீங்க நீங்க?"

நாடா ஓடி முடிந்து, வாக்மேன் 'டக்'கென்று நின்றது. காட்டின் அமைதி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பாதுஷா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான், சிரித்துக்கொண்டே.

"வாப்பாட்ட கேளுங்க உம்மா. இன்னொரு தடவ போடட்டுமா?"

செல்லச்சாமியின் விரல்கள் சாவியைப் பிடித்திருந்தன. அவர் இன்னும் அதைத் திருப்பவில்லை.